சுத்தமா இருங்கம்மா

தமிழ்நாட்டில் ஒரு பெண் அரிப்பு என்றோ, நாற்றம் என்றோ, வெள்ளைப்படுகிறது என்றோ மருத்துவரிடம் போனால் பெரும்பாலும் அவளுக்கு இரண்டு கிடைக்கும். ஒரு மாத்திரைச் சீட்டு. கூடவே, "கொஞ்சம் சுத்தமா இருங்கம்மா" என்று ஓர் அறிவுரை. மூன்று மாதம் கழித்து அதே தொல்லையோடு திரும்பப் போனால் மாத்திரையின் பெயர் மாறலாம், அறிவுரை மாறாது. நான் அந்த அறிவுரையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். இந்தத் தொற்றுகள் திரும்பத் திரும்ப வருவதில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

அந்த ஒரு வாக்கியம் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். "எந்தக் கிருமி?" என்பது மருத்துவர் பதில் சொல்லவேண்டிய கேள்வி. "நீ சுத்தமா இருக்கியா?" என்பது நோயாளி பதில் சொல்லவேண்டிய கேள்வி. பொறுப்பு மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு நைசாக நகர்ந்துவிடுகிறது. மறுக்கவும் முடியாது. எவ்வளவு கழுவினால் போதும் என்று எந்தப் பெண்ணுக்கும் யாரும் அளவு சொன்னதில்லை. மாதத்தில் மூன்று நாள் தீட்டு என்று ஒதுக்கிவைக்கப்பட்டு வளர்ந்தவளிடம் "நீ அழுக்கு" என்று சொன்னால் அவள் ஆதாரம் கேட்கமாட்டாள். வீட்டுக்குப் போய் இன்னும் அழுத்திக் கழுவுவாள்.

சிக்கலே அங்குதான் ஆரம்பிக்கிறது.

1892-ல் ஆல்பர்ட் டோடர்லைன் என்ற ஜெர்மானிய மருத்துவர் ஒரு விஷயத்தை எழுதிவைத்தார். ஆரோக்கியமான பெண்ணின் யோனிக்குள் கோல் வடிவ பாக்டீரியாக்கள் வாழ்கின்றன, அவை அமிலம் சுரக்கின்றன, அந்த அமிலம் மற்ற கிருமிகளை வளரவிடுவதில்லை. இன்று நாம் லாக்டோபேசில்லஸ் என்று சொல்லும் குடும்பம் அது. பாலில் உறை ஊற்றினால் புளிக்கிறதே, அந்த லாக்டிக் அமிலம்தான் இங்கேயும். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் உதவியால் யோனிச் சுவரின் செல்கள் கிளைகோஜன் என்ற மாவுச்சத்தைச் சேர்த்துவைக்கின்றன. அது உடைந்து வரும் சர்க்கரையைத் தின்று இந்த பாக்டீரியாக்கள் புளிப்பாக்குகின்றன. இனப்பெருக்க வயதில் அங்கே பி.எச். அளவு சுமார் 3.8 முதல் 4.5 வரை இருக்கும். குளியல் சோப்பின் பி.எச். பெரும்பாலும் 9, 10. புளித்த மோரில் சோடா உப்பைக் கொட்டினால் என்ன ஆகும் என்று தமிழ்ச் சமையலறையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அதாவது, யோனி தன்னைத்தானே காத்துக்கொள்ளும் ஓர் இடம். வெளிப்புற மடிப்புகளுக்குத் தண்ணீர் போதும். உள்ளே எதுவும் போகக்கூடாது. சோப்பும் வேண்டாம், டெட்டால் கலந்த வெந்நீரும் வேண்டாம், ஹெல்த் ஃபாசெட்டை உள்நோக்கிப் பீய்ச்சவும் வேண்டாம். உள்ளே கழுவும் பழக்கத்துக்கும் பாக்டீரியல் வஜினோசிஸ் என்ற கோளாறுக்கும் உள்ள தொடர்பு பல நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. சுத்தமா இருங்கம்மா என்று சொல்லியனுப்பப்பட்டவள் அந்தச் சொல்லை நம்பிச் செய்யும் காரியமே அவளை அடுத்த தொற்றுக்குத் தயார்செய்கிறது.

*

இரண்டாவது சிக்கல் சொல்லில் இருக்கிறது. "வெள்ளைப்படுதல்" ஒரு நோயின் பெயர் கிடையாது. ஓரளவு வெள்ளைப்படுவது இயல்பு; மாதச் சுழற்சியின் நடுவில் முட்டை வெள்ளைக்கரு மாதிரி நீண்டு வருவது உடல் சரியாக வேலை செய்வதன் அடையாளம். இயல்பு மாறும்போது அதற்குப் பின்னால் குறைந்தது மூன்று வெவ்வேறு ஆட்கள் இருக்கலாம்.

ஒன்று கேண்டிடா என்ற பூஞ்சை. அரிப்பு, எரிச்சல், திரித்திரியாகத் தயிர்போல வரும் கசிவு. பி.எச். பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். இரண்டாவது பாக்டீரியல் வஜினோசிஸ். லாக்டோபேசில்லஸ் கூட்டம் குறைந்து, கார்ட்னரெல்லா போன்ற வேறு பாக்டீரியாக்கள் பெருகிவிடுவது. அரிப்பு குறைவு, மீன் வாடை அதிகம், பி.எச். 4.5-க்கு மேலே. மூன்றாவது டிரைகோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி, உடலுறவின் வழியாகத் தொற்றுவது. முதலாவதற்குப் பூஞ்சைக்கொல்லி வேண்டும். மற்ற இரண்டிலும் பூஞ்சைக்கொல்லி எதுவும் செய்யாது. பாக்டீரியாவுக்கான மருந்தைத் தேவையில்லாமல் கொடுத்தால் காவலுக்கு இருந்த பாக்டீரியாவும் சேர்ந்து அடிவாங்கி, பூஞ்சைக்குக் கதவு திறக்கலாம். ஒன்றுக்கான மருந்து இன்னொன்றை வரவழைக்கும் என்றால், ஊகத்தில் மருந்து எழுதுவது எவ்வளவு ஆபத்தான விளையாட்டு?

ஊகம் எவ்வளவு தப்பும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2002-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தங்களுக்குப் பூஞ்சைத் தொற்று என்று தாங்களே முடிவுசெய்து கடையில் மருந்து வாங்கிய 95 பெண்களைப் பரிசோதித்தார்கள். உண்மையில் பூஞ்சைத் தொற்று மட்டுமே இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு. அந்தப் பெண்கள் முட்டாள்கள் கிடையாது. அறிகுறிகள் அவ்வளவு ஒத்துப்போகின்றன, கண்ணால் பார்த்தும் கேட்டும் மட்டும் பிரிக்க முடியாது. மருத்துவரும் கேட்டுவிட்டு மட்டும் எழுதினால் அவருடைய ஊகமும் அதே ரகம்தான்.

என் கதையை ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். இருபத்தொன்பது வயதில் தொடங்கி இரண்டு வருடத்தில் ஏழு சீட்டுகள், மூன்று மருத்துவர்கள். ஒருவர்கூடத் திரையை இழுத்துவிட்டு "படுங்க, பாக்கறேன்" என்று சொல்லவில்லை. முதல் கேள்வி மூவருக்கும் ஒன்றுதான்: "கல்யாணம் ஆயிடுச்சா?" ஆகவில்லை என்றதும் பரிசோதனை என்ற பேச்சே எழவில்லை. சுத்தமா இருங்க, டைட் ஜீன்ஸ் போடாதீங்க, ஃப்ளூகோனசோல் ஒண்ணு போட்டுக்கங்க. நான்காவதாகப் பார்த்தவர் ஒரு ஸ்வாப் எடுத்து, பக்கத்து அறையில் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். மொட்டுவிடும் ஈஸ்ட் தெரிந்தது, ஆனால் வழக்கமான இழைகள் இல்லை. கல்ச்சருக்கு அனுப்பினார். கேண்டிடா க்ளாப்ரேட்டா என்று வந்தது. வழக்கமான ஃப்ளூகோனசோலுக்குச் சரியாக அடங்காத இனம். இரண்டு வருடமாக ஊருக்கே தெரிந்த ஒரு திருடனின் போட்டோவை வைத்துக்கொண்டு வேறொருவனைத் தேடியிருக்கிறார்கள்.

என் தொழிலில் சர்வர் விழுந்தால் லாக் பார்க்காமல் ரீஸ்டார்ட் செய்பவர்கள் உண்டு. அது எழுந்துவிடும். வெள்ளிக்கிழமை மறுபடி விழும். ஆனால் மூன்றாவது முறை விழுந்தால், மூலகாரணத்தை எழுதாமல் டிக்கெட்டை மூடவிடமாட்டார்கள். மேனேஜர் உட்காரவைத்துக் கேட்பார். ஒரு ஷாப்பிங் ஆப்பின் கார்ட் பக்கத்துக்குக் கிடைக்கிற இந்த மரியாதை ஒரு பெண்ணின் உடம்புக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் என் கோபம்.

*

சுத்தம் என்ற அறிவுரைக்கு ஒரு சந்தை இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்கப் பத்திரிகைகளில் லைசால் விளம்பரங்கள் வந்தன. ஆம், தரை துடைக்கிற அதே லைசால். கணவன் முகம் திருப்பிக்கொள்கிறான், மனைவி கலங்குகிறாள், அவளுடைய "பெண்மைச் சுகாதாரம்" போதவில்லை, லைசால் கலந்து உள்ளே கழுவு என்றன அந்த விளம்பரங்கள். 2012-ல் இந்தியத் தொலைக்காட்சியில் ஓர் இன்டிமேட் வாஷ் விளம்பரம் வந்து கண்டனத்துக்குள்ளானது. கணவன் செய்தித்தாளில் மூழ்கியிருக்கிறான், மனைவி கவனிப்பாரற்று உட்கார்ந்திருக்கிறாள், தீர்வு அந்தப் பாட்டில். இம்முறை கூடுதலாகச் சிவப்பழகும் உண்டு. கடலும் பல பத்தாண்டுகளும் தாண்டி வந்தும் கதை மாறவில்லை பாருங்கள். ஆண் பார்க்கவில்லை என்றால் பெண்ணின் உறுப்பில்தான் குறை.

இன்று மொழி நாகரிகமாகிவிட்டது. "பி.எச். பேலன்ஸ்டு" என்று லேபிளில் போடுகிறார்கள். ஒரு மகளிர் தினத்தில் எங்கள் அலுவலகத்தில் கொடுத்த பரிசுப்பையில் அப்படி ஒரு பாட்டில் இருந்தது, கூடவே "நீ ஒரு சக்தி" என்று ஓர் அட்டை. அதே தளத்தில் பெண்கள் கழிப்பறையில் இரண்டு கதவுகளுக்குத் தாழ்ப்பாள் வேலை செய்யவில்லை. இயல்பாக இருக்கும் பி.எச்.-ஐ பேலன்ஸ் செய்ய எந்தப் பாட்டிலும் தேவையில்லை. இயல்பாக இல்லாவிட்டால் அது ஏன் என்று பார்க்கவேண்டும். வாசனை போட்டு மூடக்கூடாது.

பாட்டில் வாங்க முடியாதவர்களுக்கு இன்னொரு பதில் தயாராக இருக்கிறது: உடம்புச் சூடு. மோர் குடி, வெந்தயம் ஊறவை, எண்ணெய் தேய்த்துக் குளி. இதைச் சொல்லும் பாட்டிகளை நான் கிண்டல் செய்யமாட்டேன், அவர்கள் கேட்கவாவது செய்கிறார்கள். ஆனால் "வெள்ளை போகுது, அதான் உடம்பு இளைச்சுக் கிடக்கு" என்ற பேச்சுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவர் தேடிப் பார்த்தார். கோவாவில் விக்ரம் பட்டேலின் குழு ஏறத்தாழ 2,500 பெண்களிடம் நடத்திய ஆய்வில், வெள்ளைப்படுவதாகச் சொல்வதற்கும் மனச்சோர்வு, பதற்றம், பெண் என்பதால் வீட்டில் படும் பாடு ஆகியவற்றுக்கும் வலுவான தொடர்பு தெரிந்தது. தொற்றோடு இருந்த தொடர்பு அவ்வளவு வலுவாக இல்லை. அதாவது, தொற்றே இல்லாத பெண்கள் பலர், வேறு எந்தச் சொல்லாலும் சொல்ல முடியாத களைப்பை இந்தச் சொல்லால் சொல்கிறார்கள். அவர்களுக்கும் அதே மாத்திரைதான் கிடைக்கிறது.

இதன் மறுபக்கம் கட்சிரோலி. ராணி பங், அபய் பங் தம்பதியின் குழு மகாராஷ்டிரத்தின் அந்த மாவட்டத்தில் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து 1989-ல் லான்செட் இதழில் எழுதியது. 92 சதவீதப் பெண்களுக்கு ஏதோவொரு மகளிர் நோய் இருந்தது. அதற்குமுன் வாழ்நாளில் ஒருமுறையாவது அப்படிப் பரிசோதிக்கப்பட்டவர்கள் சுமார் 8 சதவீதம். இவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் எந்த அறிகுறியும் சொல்லவில்லை. நோய் இருப்பவள் சொல்வதில்லை, சொல்பவளுக்கு நோய் இருப்பதில்லை. இந்த இரண்டு ஆய்வுகளையும் அடுத்தடுத்து வைத்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: கேட்பது போதாது, பார்க்கவேண்டும்.

*

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ஒரு நாளைக்கு நூறு பேர் வரும் இடத்தில் எல்லோரையும் பரிசோதிக்க ஆள் எங்கே, லேப் எங்கே? இந்த நிலைமைக்காகத்தான் அறிகுறியை வைத்தே சிகிச்சை என்ற முறை வந்தது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டத்தில் யோனித் தொற்றுக்கு ஒரு பச்சைநிறப் பை. உள்ளே செக்னிடசோல் 2 கிராம், ஃப்ளூகோனசோல் 150 மி.கி. மூன்று ஆட்களுக்கும் சேர்த்து ஒரே வலை. லேப் இல்லாத ஊரில், முதல்முறை வருபவளுக்கு இது பெரிய உதவி. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் நான்காவது முறை வருபவளுக்கு? வருடத்தில் மூன்று முறைக்கு மேல் பூஞ்சைத் தொற்று வந்தால் அதற்கே தனிப் பெயரும் தனிச் சிகிச்சையும் இருக்கின்றன. முதலில் அடக்கிவிட்டு, பிறகு வாரம் ஒரு ஃப்ளூகோனசோல், ஆறு மாதத்துக்கு. 2004-ல் வெளியான பெரிய ஆய்வில் அந்த ஆறு மாதமும் பத்தில் ஒன்பது பேர் நன்றாக இருந்தார்கள். நிறுத்திய ஆறு மாதம் கழித்துப் பத்தில் நான்கு பேர்தான். அதையும் நோயாளியிடம் சொல்லவேண்டும். திரும்ப வந்தால் அது அவள் குற்றமில்லை என்று அவளுக்குத் தெரியவேண்டும்.

வசதி இல்லை என்ற வாதமும் முழு உண்மை இல்லை. பி.எச். தாள் சில ரூபாய். ஒரு சொட்டு உப்புநீர், ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, இரண்டு கண்ணாடிச் சில்லு, ஒரு மைக்ரோஸ்கோப். பாக்டீரியல் வஜினோசிஸைக் கண்டுபிடிக்க 1983-ல் ஆம்செல் குழு வகுத்த விதிகளுக்கு இவ்வளவுதான் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மலேரியாவுக்கும் காசநோய்ச் சளிக்கும் மைக்ரோஸ்கோப் பார்த்துப் பழகிய லேப் டெக்னீஷியன்கள் இருக்கிறார்கள். சளியைப் பார்க்கிற கண்ணாடி இதை மட்டும் பார்க்காதா? கல்யாணமாகாத பெண்ணுக்குக் கருவி வைத்துப் பார்க்கத் தயக்கம் என்றால், அவளே ஒரு ஸ்வாபில் மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். அப்படி எடுத்த மாதிரிகளே இந்தப் பரிசோதனைகளுக்குப் போதுமானவை.

பார்க்காமல் விடுவதில் அரிப்பைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. இந்தியப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் இரண்டாவது இடம் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்கு. நாற்றமுள்ள, ரத்தம் கலந்த கசிவு அதன் அறிகுறிகளில் ஒன்று. "வெள்ளைப்படுதல்" என்ற ஒரே சொல்லின் கீழ் மாத்திரை வாங்கிக்கொண்டே போகும் ஐம்பது வயதுப் பெண்ணை யாராவது ஒருமுறை படுக்கவைத்துப் பார்த்திருக்கவேண்டாமா? அதே வயதில் ஈஸ்ட்ரோஜன் குறைந்து சுவர் மெலிந்து எரிவதையும் தொற்று என்று எண்ணிப் பூஞ்சைக் களிம்பு எழுதித்தருகிறார்கள். அவளுக்கு வேண்டியது ஈஸ்ட்ரோஜன் களிம்பாக இருக்கலாம்.

சுத்தத்துக்கு இதில் இடமே இல்லையா என்று கேட்டால், உண்டு. மாதவிடாய்த் துணியை மறைவாக, ஈரம் காயாத இடத்தில் உலர்த்துவதற்கும் பூஞ்சைத் தொற்றுக்கும் தொடர்பு இருப்பதை ஒடிஷாவில் நடந்த ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. ஆனால் துணியை ஏன் மறைவில் காயப்போடுகிறாள்? கொடியில் போட்டால் வீட்டில் திட்டுவார்கள். அவளுக்குத் தேவைப்படுவது வெயில். அறிவுரை சொல்லவேண்டுமென்றால் வீட்டிலிருக்கும் ஆண்களுக்குச் சொல்லுங்கள்.

*

ஆண்கள் என்று சொன்னதால் அங்கேயே வருகிறேன். பாக்டீரியல் வஜினோசிஸ் குணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வந்துவிடுகிறது. ஏன் என்று பல பத்தாண்டுகளாகப் பெண்ணின் உடம்பில் மட்டுமே தேடினார்கள். ஆணுக்கு மாத்திரை மட்டும் கொடுத்துப் பார்த்த பழைய ஆய்வுகள் பலன் தரவில்லை, அதோடு அவனை விட்டுவிட்டார்கள். 2025 மார்ச்சில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. 164 ஜோடிகள். ஒரு பிரிவில் பெண்ணுக்கு மட்டும் சிகிச்சை. இன்னொன்றில் ஆணுக்கும்: மெட்ரோனிடசோல் மாத்திரையும், ஆண்குறியின்மேல் தடவ கிளிண்டமைசின் களிம்பும், ஏழு நாள். 12 வாரத்துக்குள் திரும்ப வந்தது பெண்ணுக்கு மட்டும் கொடுத்த பிரிவில் 63 சதவீதம், இருவருக்கும் கொடுத்த பிரிவில் 35 சதவீதம். ஆணுக்குச் சிகிச்சை தராமல் விடுவது சரியில்லை என்று தெரிந்ததும் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

ஏழு நாள் களிம்பு தடவவேண்டிய ஒருவனை யாரும் அழைக்காததால், ஒருத்தி வருடக்கணக்காகத் தன்னைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள். டிரைகோமோனாஸில் இது இன்னும் பழைய செய்தி. ஆண்களுக்குப் பெரும்பாலும் அறிகுறியே இருக்காது, இருவருக்கும் சேர்த்து மருந்து கொடுக்காவிட்டால் நோய் திரும்பிவரும். "எனக்குத்தான் ஒண்ணுமில்லையே, நான் எதுக்கு மாத்திரை போடணும்?" என்று கேட்கும் கணவனிடம் இதை மனைவி தனியாகச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மருத்துவர் சீட்டில் எழுதவேண்டும், "அடுத்த தடவை அவரையும் கூட்டிட்டு வாங்க" என்று வாயால் சொல்லவேண்டும். பூஞ்சைக்கு இந்த விதி பொருந்தாது. அங்கே ஆணுக்கு அறிகுறி இருந்தால் மட்டும் மருந்து. எந்தக் கிருமி என்று தெரியாமல் இந்த முடிவைக்கூட எடுக்க முடியாது என்பதைக் கவனியுங்கள்.

இதை வாசிக்கும் பெண்களுக்கு என் பங்கு அறிவுரை. தொல்லை திரும்பி வந்தால் பழைய சீட்டைக் கடையில் நீட்டாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவாதீர்கள், அது அரிப்பை அமுக்கிப் பூஞ்சையை வளர்க்கும். சர்க்கரை பாருங்கள். அடிக்கடி வரும் பூஞ்சைத் தொற்று கண்டுபிடிக்கப்படாத சர்க்கரை நோயின் முதல் தடயமாக இருக்கலாம். 2023-ல் வெளியான கணக்குப்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். டபாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதால் இந்தத் தொற்றைக் கூட்டும். அம்மா அதைச் சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள், ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். எந்த ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு தொடங்கியது என்று தேதியோடு குறித்துவையுங்கள். கர்ப்பமாக இருந்தால் ஃப்ளூகோனசோலைத் தானாக விழுங்கக்கூடாது. அடிவயிற்று வலி, காய்ச்சல், உடலுறவுக்குப் பின் ரத்தம் என்றால் அன்றே போங்கள்.

மருத்துவரிடம் நான்கு கேள்விகள். எந்தக் கிருமி? எப்படித் தெரிந்தது? திரும்ப வந்தால் கல்ச்சர் எடுப்பீர்களா? என் துணைக்கும் மருந்து வேண்டுமா? கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். நம்மைப் பார்த்து "சுத்தமா இருக்கீங்களா" என்று கேட்க அவர்களுக்குக் கூச்சமில்லை. "ஸ்லைடு பாத்தீங்களா டாக்டர்?" என்று திருப்பிக் கேட்க நமக்கு ஏன் இருக்கவேண்டும்?